பருந்துக்கரட்டுக் கொடி

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடுறீங்களா தம்பி. காத்து நேரா இந்தக் கால்லயே வந்து விழுகுது. போதும் போதும், பாதி தெறந்தே இருக்கட்டும். பூராம் சாத்துனா எனக்கு மூச்சு முட்டும். இப்பல்லாம் அப்படித்தான் ஆயிருச்சு.

உங்கப்பா தூங்குறாரா? தூங்கட்டும். ஊசி போட்டுருக்காங்கள்ல. நீங்க உக்காருங்க. நேத்து சாயங்காலம் அத்தனை பேரு வந்து, படுத்திருக்கிற ஆளுக்கு மாலை போட்டு போட்டோ புடிச்சுட்டுப் போனாங்களே, அப்ப நீங்க ஸ்டூலைத் தூக்கிட்டு வராண்டாவுக்கே போயிட்டீங்க. நான் பார்த்தேன். யாரு இந்தக் கெழவன், கட்சிக்காரனான்னு நினைச்சிருப்பீங்க. கட்சியெல்லாம் இல்ல தம்பி. என் பேரு ஒச்சப்பன். பட்டாளத்துல செத்துப்போன ஜெயபாண்டியோட அப்பன். ஊர்ல வந்து ஒச்சப்பன் வீடு எதுன்னு கேட்டா இப்ப யோசிப்பாங்க. வீரரோட அப்பா வீடுன்னு கேட்டாத்தான் கையைக் காட்டுவாங்க.

காலையில சோறு கொண்டாந்துச்சே ஒரு புள்ள, அது என் மகளான்னு நர்சம்மாகிட்டக் கேட்டீங்களாம். மக இல்ல, மருமக. நாகஜோதி. ஜெயபாண்டி கட்டுனவ. அவளைப் பத்தித்தான் யார்கிட்டயாவது சொல்லணும்னு கெடக்கேன். ஊர்க்காரன்கிட்டச் சொன்னா ஊரு பூராம் போயிரும். நீங்க உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க, உங்ககிட்டச் சொன்னா ஒண்ணும் இல்ல. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, அவ செஞ்சது சரியான்னு.

கால் ஒடிஞ்சது அவளால இல்ல. அதை முதல்லயே சொல்லிர்றேன். மானம் போனதுதான் அவளால.

நமக்கு நாகலாறுபட்டி. மலை அடிவாரம். ஜெயபாண்டி ஒரே பையன். பன்னெண்டாப்பு முடிச்ச கையோட செலக்சனுக்குப் போனான், எடுத்துட்டாங்க. கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசம் நெறையல, வடக்க பனிமலையில டூட்டி போட்டாங்க. கார்த்திகை மாசம். பனி சரிஞ்சு அவங்க இருந்த கூடாரத்தை மூடிருச்சு. உள்ள மாட்டிக்கிட்டாங்க. தோண்டி எடுக்க நாளாயிருச்சு. எத்தனை நாளுன்னு எங்கிட்டச் சொன்னாங்க, நான் மனசுல வச்சுக்கல. வச்சு என்ன செய்ய.

கொடி போர்த்திப் பெட்டியில கொண்டாந்தாங்க. பெட்டியைத் தெறக்க வேணாம்னு கூட வந்த ஆபீசர் சொன்னாரு. நாகஜோதி தெறக்கணும்னு நின்னா. ஒரு தடவை மொகத்தைப் பாக்குறேன், அம்புட்டுத்தான்னா. நான்தான் வேணாம் தாயின்னேன். அவ்வளவு பெரிய ஆபீசர் சொல்றாரு, நாம எப்படி மறுத்துப் பேசுறது. அவளும் அப்புறம் ஒண்ணும் கேக்கல.

அவன் ஆத்தா அந்த வருசமே போய்ச் சேந்துட்டா. வீட்ல நானும் மருமகளும்தான். அவ போடியில ஏலக்காய்க் கடைக்குத் தரம் பிரிக்கப் போவா. காலையில பஸ்ஸு, சாயங்காலம் பஸ்ஸு. வந்து சேலையை உதறுனா வீடு பூராம் ஏலக்காய் வாசம்.

அப்பத்தான் ஹவில்தார் தனுஷ்கோடி வந்தாரு. நேத்து தொப்பி போட்டுக்கிட்டு முன்னாடி நின்னாரே, அவருதான். ரிட்டயர்டு. நல்ல மனுசன் தம்பி, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. இந்தப் பக்கம் செத்துப்போன பட்டாளத்தாளுங்களுக்காக ஒரு குழு வச்சிருக்காரு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கரடு, நம்ம பக்கத்து மொட்டைக் குன்னு. அந்த ஆளு செத்த நாள்ல எல்லாரும் சேந்து அந்தக் கரட்டு உச்சிக்கு ஏறி, இம்மாம் பெரிய தேசியக்கொடியைக் கட்டி ஏத்தி, பொழுது சாயுற வரைக்கும் பறக்கவிட்டு, எறக்கி மடிச்சுக் கொண்டாந்துருவாங்க. அடிவாரத்து ஊரு பூராத்துக்கும் தெரியும். நம்ம பையனுக்கு பருந்துக்கரடுன்னு சொன்னாரு. எங்க வீட்டு வாசல்ல நின்னு பாத்தா நேரா தெரியும் அது. நான் கையெடுத்துக் கும்புட்டேன்.

முதல் வருசம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. ஊருக்குள்ள ஜீப்பு வந்து, எனக்கு மாலை போட்டு, மைக்குல அவன் பேரைச் சொல்லி, நெறைய சனம். உச்சியில கயிறை முதல்ல நான் இழுக்கணும். நாகஜோதி பூத்தூவணும். அப்புறம் எல்லாரும் சல்யூட் அடிப்பாங்க. கொடி மேல போயி விரிஞ்சுச்சு பாருங்க, கயிறை விடாம அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னேன்.

அடுத்த வருசமும் வந்தாங்க. அதுக்கடுத்த வருசமும். எனக்கு அப்பவே முட்டியில வலி. ஏறும்போது கூடத் தெரியாது, எறங்கும்போது உசுரு போகும். ரெண்டு நாளைக்குக் கக்கூஸ்ல குத்தவைக்க முடியாது. ஆனா எப்படிச் சொல்றது. என் பையன் பனியில கெடந்தான், எனக்கு முட்டி வலிக்குதுன்னு சொல்லவா. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா நினைப்பாங்கள்ல.

அது மட்டும் இல்ல. சாவடியில சீட்டாடுவோம் முன்னெல்லாம். இப்ப நான் போயி உக்காந்தா எந்திரிச்சு நிக்கிறாங்க. ஐயா, நீங்க போயி இங்கிட்டு உக்காரலாமாங்கிறாங்க. டீக்கடையில சத்தமா ஒரு வார்த்தை பேச முடியல. போன பொங்கலுக்கு ஒரு கல்யாண வீட்ல ஒருத்தன் கூப்பிட்டு கிளாசை நீட்டுனான், பக்கத்துல இருந்தவன் அவன் கையில அடிச்சான். யாருக்குக் குடுக்குறன்னு தெரியுதாடான்னு. எனக்கு வாங்கிக் குடிக்கணும்னு தான் இருந்துச்சு. சிரிக்கிறீங்க. நெசமாத்தான்.

நாகஜோதி அப்படி இல்ல. அவளுக்கு அந்த நாளுன்னா ஒரு ஆசை. விடியுமுன்ன குளிச்சு, பூவெல்லாம் கட்டி வச்சு, எனக்கு முன்னாடி ஏறிக்கிட்டே இருப்பா. ஒரு தடவை கூட உக்கார மாட்டா. வலிக்குதுன்னு நான் வாயைத் தெறக்காததுக்கு அதுவும் ஒரு காரணம்னு வச்சுக்கங்க. அவ ஆசையை நாம கெடுக்கக் கூடாதுல்ல.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவ அண்ணன் வந்தான். கம்பத்துல ஒருத்தரு லேத்துப் பட்டறை வச்சிருக்காரு, பொண்டாட்டி தவறிப்போச்சு, தங்கமான ஆளு, நம்ம நாகுவைக் கேக்குறாருன்னான். நான் தடுக்கல தம்பி. சத்தியமாத் தடுக்கல. உனக்கு இஷ்டம்னா செய் தாயி, கார்த்திகையில பூத்தூவ யாரு வர்றதுன்னு மட்டும் ஹவில்தார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்னு சொன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன். அவ அடுப்படிக்குப் போயி அண்ணனுக்கு டீ போட்டுக் குடுத்து அனுப்பிச்சுட்டா. அவளுக்கே இஷ்டமில்ல போல.

சரி, இந்த வருசத்துக்கு வர்றேன்.

இந்த வருசம் கொடியைப் பெருசாக்கிட்டாங்க. யாரோ வெளிநாட்டுல இருக்கிறவரு தச்சு அனுப்புனாராம். விரிச்சா ஒரு கல்யாணப் பந்தல் அளவு இருக்கும். நல்ல கனத்த துணி. கம்பமும் பெருசு, மூணு துண்டா கழட்டி மரை போட்டு முடுக்குறது. அதைச் சொமக்க மட்டும் தனியா ஆளு. அன்னைக்கு விடியக்காலையில இருந்தே தூத்தல். அடிவாரத்துல ஃபாரஸ்ட் வாச்சரு சொன்னாரு, மேகம் எறங்குது, மேல போனீங்கன்னா மூடிக்கிரும், இன்னொரு நாளைக்கு வாங்கன்னு. ஹவில்தாரு யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு. அப்புறம் எம்பக்கம் திரும்பி, "ஐயா என்ன சொல்றீங்க?"ன்னாரு.

எல்லாரும் என்னையவே பாக்குறாங்க. கழுத்துல மாலை வேற. முட்டி ரெண்டும் காலையிலயே வீங்கிக் கெடக்கு. இன்னைக்கு வேணாம்னு ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"போவோம்"னேன்.

எல்லாரும் ஜே போட்டாங்க. நாகஜோதி தலையில துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு முன்னாடி நடந்துட்டா.

உச்சியில மொட்டைப் பாறை. ஒதுங்க ஒரு செடி கெடையாது. தூத்தல் நின்னிருந்துச்சு, ஆனா காத்து. கம்பத்தை நட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டுனாங்க. கயிறை எங்கையில குடுத்தாரு. வழுக்குதுன்னு நான் மணிக்கட்டுல சுத்திக்கிட்டேன். இழுத்தேன். கொடி பாதி தான் ஏறியிருக்கும். காத்து அதைப் புடிச்சுருச்சு. மாடு அத்துக்கிட்டு ஓடுமே, அந்த மாதிரி. என்னையும் சேத்து இழுக்குது. விடுங்க ஐயா விடுங்கன்னு கத்துறாங்க. விட்டுருக்கலாம். ஒரு சுத்து இங்கிட்டுத் திருப்புனா கழண்டுக்கிரும். ஆனா விட்டா கொடி போயிரும்ல, பள்ளத்துல போயி விழுகும். வீரரோட அப்பா கையில இருந்து கொடி விழுந்துச்சுன்னு ஆயிரும்ல. அந்த ஒரு நிமிசம் அதைத்தான் நினைச்சேன். பாறை ஓரத்துல அப்படியே கொண்டுபோயிக் கெடத்திருச்சு. இடுப்புக்குள்ள மடார்னு ஒரு சத்தம். எனக்கே கேட்டுச்சு.

கொடியைப் புடிச்சுட்டாங்க. தரையில படல. அந்த மட்டுக்கும் நல்லது.

என்னைய நகட்ட முடியல. தொட்டா கத்துறேன். போன்ல யாருக்கும் டவர் இல்ல. கீழ போயி ஸ்ட்ரெச்சரு கொண்டாரச் சொல்லி ரெண்டு பயலுகளை அனுப்புனாரு ஹவில்தாரு. அவங்க போன கொஞ்ச நேரத்துல வாச்சரு சொன்ன மாதிரியே மேகம் வந்து மூடிருச்சு. பக்கத்துல நிக்கிற ஆளு தெரியல. பேச்சு மட்டும் கேக்குது. அப்புறம் மழை. ஆளாளுக்குச் சட்டையைக் கழட்டி, துண்டைக் கழட்டி எம்மேல போட்டாங்க. எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். கொடியை மட்டும் பதவிசா மடிச்சு, தார்ப்பாய்ப் பைக்குள்ள வச்சு, மேல ரெண்டு பேரு குடை புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஒழுங்குன்னா அப்படி ஒரு ஒழுங்கு.

நான் மல்லாக்கக் கெடக்கேன். மேல வெள்ளை, சுத்திலும் வெள்ளை. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைய முடியல. அப்பத்தான் தம்பி எனக்கு அந்த நினைப்பு வந்துச்சு. இவனும் இப்படித்தான் கெடந்திருப்பானோ. பனி மூடுன ஒடனே போயிருப்பான்னு நான் நினைச்சிருந்தேன். யாரும் அப்படிச் சொல்லல, நானா நினைச்சுக்கிட்டது. ஒடனே போகலைன்னா? யாரையாவது கூப்பிட்டிருப்பானோ. கூப்பிட்டா ஆத்தாவைத்தான் கூப்பிட்டிருப்பான், சின்னதுல இருந்தே அவன் அப்படித்தான். இத்தனை வருசம் கரடு ஏறியிருக்கேன், ஒரு வருசம் கூட இதை நான் நினைச்சதில்ல. மாலை, மைக்கு, போட்டோ, அதுலயே பொழுது போயிரும்.

ரொம்ப நேரம் கழிச்சு குளிர் விட்டுப்போச்சு. கண்ணைச் சொருகுது. நல்லா இருக்கு. தூங்கிருவோம்னு இருக்கு. நாகஜோதி கன்னத்துல பளார் பளார்னு அடிக்கிறா. "மாமா, முழிங்க. மாமா, எம்பேரு என்ன சொல்லுங்க"ங்கிறா. மருமக மாமனாரை அடிக்கிறா, அத்தனை பேரு முன்னாடி. எனக்கு வந்த கோவத்துல முழிச்சுட்டேன்.

அவ எந்திரிச்சு, "அண்ணே, அந்தக் கம்பத்துல ரெண்டு துண்டைக் குடுங்க. டோலி கட்டித் தூக்கிருவோம்"னா.

ஹவில்தாரு, "எதை வச்சும்மா கட்டுறது? இந்தத் துண்டெல்லாம் தாங்குமா?"ன்னாரு.

"கொடி இருக்குல்ல."

குடை புடிச்சிருந்த ரெண்டு பேரும் பையை ஒட்டி நின்னுக்கிட்டாங்க. அப்புறம் ஹவில்தாரு மெதுவாச் சொன்னாரு. "என்ன பேசுறம்மா. அதுல ஆளைக் கட்டித் தூக்குறதா. மண்ணுல, சகதியில எல்லாம் படும்மா. அது கொடிம்மா."

"கனத்த துணி. தாங்கும்."

"கீழ போனவங்க இப்ப வந்துருவாங்க."

"இந்த மேகத்துல அவங்களும் வழி தெரியாம எங்கயாவது உக்காந்திருப்பாங்கண்ணே. நீங்க வேற வழி இருந்தாச் சொல்லுங்க, கேக்குறேன்."

அவரு கொடிப் பைக்கு முன்னாடி போயி நின்னுக்கிட்டாரு. அழுகுறாரு. "எங்கிட்ட வேற எது வேணாலும் கேளு தாயி, இதை மட்டும் கேக்காத"ங்கிறாரு. நான் சொன்னேனே, நல்ல மனுசன்.

நானும் சொன்னேன். அதைத்தான் நீங்க கவனிக்கணும். நான் ஒண்ணும் ஒத்துக்கல. பல்லு தந்தி அடிக்குது, இருந்தாலும் சொன்னேன். "வேணாம் தாயி. அது உம் புருசன் போர்த்தி வந்த துணி. உசுரோட இருக்கிறவன் படுக்கிற துணி இல்ல."

அவ குனிஞ்சு எம்மொகத்துக்கு நேரா வந்தா. "அவரு போர்த்திக்கிட்டு வந்தப்ப அவருக்குக் குளிரு தெரியாது மாமா. உங்களுக்குத் தெரியுது"ன்னா.

சொல்லிட்டு நேராப் போயி, ஹவில்தாரை ஓரமாத் தள்ளி நிக்கச் சொல்லி, பையைத் தெறந்துட்டா. ஒருத்தனும் அவ கையைப் புடிக்கல. எப்படிப் புடிப்பான். ஜெயபாண்டி பொண்டாட்டி. அவளைப் பாத்து அது உங்கொடி இல்லன்னு யாரு சொல்றது. பல மடிப்பா மடிச்சு, கழட்டுன கம்பத் துண்டு ரெண்டுலயும் சுத்தி முடிச்சுப் போட்டு, என்னைய உருட்டி உள்ள போட்டா. நான் கத்துனது கீழ ஊருக்கே கேட்டிருக்கும். மடிப்பைத் தூக்கி மொகத்துக்கு மேல மூடிட்டா, மழை விழுகக் கூடாதுன்னு.

முன்பக்கம் கம்பத்தைத் தோள்ல வாங்குனது யாருன்னு நினைக்கிறீங்க. ஹவில்தாருதான். கண்ணைத் தொடச்சுக்கிட்டு வந்து தூக்குனாரு. வழி நெடுக அவரு மூக்கை உறிஞ்சுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

ஊர்ல இருந்து வந்து கேக்குறாங்க, ஐயா உள்ள படுத்திருந்தீங்களே, காவி தெரிஞ்சுச்சா, சக்கரம் தெரிஞ்சுச்சான்னு. ஒண்ணும் தெரியல தம்பி. எல்லாம் நனைஞ்சு ஒரே நெறமா இருந்துச்சு. மூக்கோட வந்து ஒட்டுது. மூச்சை இழுத்தா துணியும் சேந்து வருது. கையை எடுக்க முடியல, ரெண்டு பக்கமும் இறுக்கம். பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரி. நான் செத்துட்டேனோன்னு கூட ஒரு எடத்துல நினைச்சேன். வெளியில இருந்து ஒரு கை மட்டும் எந்தோள்ல அமுக்கிக்கிட்டே வருது. அவ கை. பேசிக்கிட்டே வந்தா, நான் தூங்கிறக் கூடாதுன்னு. என்னென்னமோ பேசுனா. கடையில யாரு என்ன சொன்னாங்க, பஸ்ஸுல எடம் கெடைக்கிறதில்ல, அது இதுன்னு. எறக்கத்துல ஒரு எடத்துல நிப்பாட்டித் தோள் மாத்துனாங்க. அப்ப துணியோட ஒட்டி வந்து, மத்தவங்களுக்குக் கேக்காம சொன்னா.

"எனக்கு இந்தக் கரட்டைக் கண்டாலே ஆகாது மாமா. மொத வருசத்துல இருந்தே. உங்களுக்கு ஆசைன்னுதான் வந்தேன்."

எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, என்ன சொல்றது. யாருக்கு ஆசை? நான் எப்பச் சொன்னேன் ஆசைன்னு? அவ ஆசைக்குல்ல நான் முட்டியை அமுக்கிக்கிட்டு ஏறிக்கிட்டு இருந்தேன். வாயைத் தெறந்து சொல்லலாம்னு பாத்தேன். துணி வாய்க்குள்ள வந்துருச்சு. அதுக்குள்ள தூக்கிட்டாங்க.

இங்க கொண்டாந்து போட்டப்ப டாக்டரு, இன்னும் கொஞ்ச நேரம் மேலயே வச்சிருந்தா குளிருலயே போயிருப்பாரு, கால் இல்ல, ஆளே போயிருப்பாருன்னாராம். இருக்கலாம். டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. அனுப்புன ரெண்டு பயலுகளும் ஒரு பாறைக்கு அடியில உக்காந்திருந்து பொழுது சாய எறங்கி வந்தாங்களாம். அதுவும் சரிதான். ஆனா கூட வந்தவன்ல ஒருத்தன் அதை போன்ல படம் புடிச்சு விட்டுட்டான் தம்பி. டோலி கல்லுல உரசிக் கொடி ஓரம் கிழிஞ்சு, சகதியில இழுபட்டு வர்றதை. அவ மொகம் நல்லாத் தெரியுது அதுல. அதுக்குக் கீழ என்னென்ன எழுதியிருக்காங்கன்னு பக்கத்து வீட்டுப் பையன் வாசிச்சுக் காட்டுனான். புருசன் உசுரைக் குடுத்த கொடியை இவ மிதிச்சுட்டாளாம். பாதிக்கு மேல நான் கேக்கல. கடையில கூட ரெண்டு பேரு அவகிட்டப் பேசுறதில்லையாம். நான் இங்க படுத்துக்கிட்டு என்ன செய்ய. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருந்தா நான் அங்கயே கெடந்து போயிருப்பேன்ல. பேராவது நின்னுருக்கும்.

என்ன அப்படிப் பாக்குறீங்க. ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

நேத்து வந்தாங்கள்ல. ஹவில்தாரு பெரிய மனசு பண்ணித்தான் வந்தாரு. கொடியைத் தொவைச்சு மடிச்சு வச்சுட்டேன், இனிமே அதை ஏத்த முடியாது, புதுசு சொல்லியிருக்கேன்னாரு. நடந்ததை மறந்துருவோம், அடுத்த கார்த்திகைக்கு நாகஜோதி கையாலயே புதுக்கொடியை ஏத்தணும், ஊரு வாயை அடைக்க அதுதான் வழின்னாரு. நான் காலைக் காட்டுனேன். அதுக்கும் யோசிச்சு வச்சுட்டாரு. நாற்காலியில ரெண்டு பக்கமும் கம்பு கட்டி, பயலுக பல்லக்கு மாதிரி என்னையத் தூக்கிட்டுப் போயிருவாங்களாம். "ஐயா இல்லாம நாங்க ஏற மாட்டோம்"ங்கிறாரு. எல்லாரும் தலையை ஆட்டுறாங்க. மாலையை வேற போட்டாங்க. ஈர மாலை, நெஞ்சு மேல.

"சரி"ன்னுட்டேன்.

நாகஜோதி இந்தா, இந்த எடத்துல நின்னு டிபன் கேரியரைக் கழுவிட்டு வந்து தொடச்சுக்கிட்டு இருந்தா. அவங்க போட்டோ எடுக்கும்போது கூட வந்து நின்னா. அவங்க போனப்புறம் மாலையைக் கழட்டி ஜன்னல்ல வச்சுட்டுச் சொன்னா. "நான் இனிமே வர மாட்டேன் மாமா. நீங்களும் போக வேணாம்."

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "நான் போறதும் போகாததும் நீ யாரு சொல்றதுக்கு? அவன் என் மகன்"னேன்.

"நீங்க போகணும்னு ஆசைப்பட்டாச் சொல்லுங்க, நான் வர்றேன். உங்க வாயால சொல்லுங்க. ஆசையா இருக்கா?"

இந்த வார்டுல எல்லாருக்கும் கேக்குது. உங்கப்பாவும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. நான் செவுத்துப் பக்கம் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். ராத்திரி கஞ்சியும் குடிக்கல. காலையில அவ கொண்டாந்த சோத்தைத் தின்னேன். பசி.

அதான் கேக்குறேன், அவ செஞ்சது சரியா. சரி, விடுங்க. நீங்க சொல்ல வேணாம். ஒருத்தரு குடும்பத்துக்குள்ள நீங்க எப்படிச் சொல்வீங்க.

வேற ஒரு உபகாரம் செய்யணும் தம்பி. தலகாணிக்கு அடியில என் போன் இருக்கு, எடுங்க. ஹவில்தாரு படம் வச்சு நம்பரு இருக்கும். அவருக்கு ஒரு போன் போட்டு, ஆஸ்பத்திரியில இருந்து டாக்டரு பேசுறேன்னு சொல்லுங்க. பேரு கேட்டா ஏதாவது ஒரு பேரைச் சொல்லிருங்க. ஒச்சப்பன் இனிமே கரடு ஏறக் கூடாது, நாற்காலியில தூக்கிட்டுப் போறதும் கூடாது, ஒடம்பு குலுங்குனா இடுப்புல வச்ச பிளேட்டு கழண்டுக்கிரும்னு சொல்லுங்க. பொய்தான். இங்க இருக்கிற டாக்டரு, கம்பு ஊனி நல்லா நடக்கலாம்னுதான் சொல்லியிருக்காரு. நானே சொல்லலாம். ஆனா நான் சொன்னா அவரு, "நாங்க இருக்கோம்ல ஐயா"ம்பாரு. நானும் சரின்னுருவேன். எனக்கு என்னையத் தெரியும்.

இருங்க, இருங்க. அமுக்கிறாதீங்க. அவளுக்கும் ஒரு காரணம் சொல்லணும்ல. நான் போகலைன்னா அவளைத் தனியாக் கூட்டிட்டுப் போயிருவாங்க. எனக்காவது இடுப்புல பிளேட்டு இருக்கு. அவளுக்கு என்னன்னு சொல்றது? கால் கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இன்னும் வயசும் இருக்கு. அப்படி ஒரு பிள்ளைக்கு என்ன சீக்குன்னு சொல்றது தம்பி? நீங்களே ஒண்ணு யோசிச்சுச் சொல்லுங்க.